பதினாறு போதும் என்றேன்

நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். என்னை அண்ணா என்று அழைக்கும் ஒரு பெண், புது மடிக்கணினியில் மெமரி எவ்வளவு போடலாம் என்று என்னைக் கேட்டாள். அறுபத்து நான்கு ஜி.பி. வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "பதினாறு போதும்" என்றேன்.

இவ்வளவுதான் குற்றம். சிரிக்கிறீர்களா? ஒரு கணினியின் நினைவகத்தைப் பற்றிய பொய்க்கா இந்த ஆள் இப்படி உருகுகிறான் என்று நினைக்கிறீர்களா? நினையுங்கள். நானும் அப்படி நினைத்துத்தான் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன்... தேறவில்லை.

ஏற்காட்டில் ஏரியை ஒட்டிய ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். சொந்த ஊர் சேலம். தங்குவது லாட்ஜின் பின்னறையில். மே மாதக் கூட்டம் மலையிறங்கிப் போய்விட்டால் எனக்கு வேலை குறைவு. அப்போதெல்லாம் இசை எழுதுவேன். காதில் ஹெட்போன், எதிரே கணினி, பக்கத்தில் ஒரு சின்னக் கீபோர்டு. குறும்படங்களுக்கும் நகைக்கடை விளம்பரங்களுக்கும் எழுதியிருக்கிறேன். இந்த மலை முழுவதிலும் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவனே என்ற கர்வம் எனக்கு உண்டு. அமலி வாசித்ததைக் கேட்கும்வரை இருந்தது.

அமலி நாகலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டீச்சர். ஒரு மிஷன் பள்ளியில் பாட்டு வகுப்பு எடுக்கிறாள். கணவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டுச் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பதும் அவள்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஸ்பீக்கர் இரைகிறது என்று அந்த சர்ச்சுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் பாடகர் குழுவுக்கு ஒரு கீதத்தை வாசித்துக் காட்டினாள். எல்லோரும் அறிந்த பழைய கீதம்தான். ஆனால் வலது கை அந்தக் கீதத்தை வாசிக்க, இடது கை அதற்கு அடியில் முற்றிலும் வேறொரு பாட்டைக் கட்டிக்கொண்டே போனது! இரண்டும் ஓரிடத்திலும் மோதவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. அவளுக்கே அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு சேர்ந்தே வேறொன்றும் உள்ளே நுழைந்தது... அதன் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். பொறாமை.

கணினியில் இசை எழுதுவதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தால் அவள் தடுமாறுவாள், அதைப் பார்க்கலாம் என்று ஒரு மூலையில் ஆசை இருந்திருக்க வேண்டும். அவள் தடுமாறவில்லை. மூன்றே மாதத்தில் என் கேள்விகளுக்கு அவள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள்!

இங்கே ஒன்றை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். இன்று நூறு வாத்தியங்களைக் கூட்டி உட்காரவைக்க மண்டபம் தேவையில்லை. ஒவ்வொரு வயலினின் ஒவ்வொரு சுரத்தையும், மெல்லியதாக, அழுத்தமாக, நடுங்குவதாக என்று தனித்தனியே பதிவு செய்து விற்கிறார்கள். நீங்கள் கீபோர்டின் கட்டையை அழுத்தியவுடன் அந்தச் சுரம் ஒலிக்க வேண்டும். அப்படி ஒலிக்க வேண்டுமானால் அது முன்கூட்டியே கணினியின் நினைவகத்தில் வந்து காத்திருக்க வேண்டும். கொஞ்சம் வாத்தியங்களுக்குக் கொஞ்சம் நினைவகம் போதும். ஒரு பெரும் குழுவுக்கு நிறைய வேண்டும். இடம் பற்றாவிட்டால் ஒலி பொரிந்து, விக்கி, நின்றுவிடும்.

அதிலும் இந்தப் புதிய மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகத்தை உள்ளிருக்கும் மதர்போர்டுப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் நாளில் எவ்வளவு கேட்கிறோமோ, அந்தக் கணினியின் ஆயுள் முழுவதும் அவ்வளவுதான். பிறகு கூட்ட முடியாது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம்! எங்கள் இருவருடைய பழைய கணினிகளும் தள்ளாடத் தொடங்கியிருந்தன. புதிது வாங்குவது என்று முடிவானதும் பல வாரங்கள் வேறு சிந்தனையே எனக்கு இல்லை. சாப்பிடும்போதும் அதைப் பற்றியே படித்தேன். அறை கேட்டு வந்தவர்களை நிற்கவைத்துவிட்டுப் படித்தேன். முப்பத்திரண்டா, அறுபத்து நான்கா என்று எனக்குள்ளேயே வாதாடி, ஒரு காலையில் அறுபத்து நான்கு என்று முடிவு செய்தபோது, யாரோ எனக்குப் பதவி உயர்வு கொடுத்ததுபோல் இருந்தது!

முதலில் வாங்கியவள் அமலி. ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள் தீரும்வரை அவள் வாய் ஓயவில்லை. என்னென்ன வாத்தியங்கள் வைக்கலாம், சிறுமிகளின் குரலை எட்டுப் பிரிவாகப் பிரிக்கலாமா, பழம் பறிக்கும்போது தகர வாளியில் காப்பிப்பழம் விழும் சத்தத்தைத் தாளமாக்கலாமா... எனக்கும் அந்தப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தேன். நம்புங்கள்.

கடையில் ஒரு பெண் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "மெமரி எவ்வளவு போடலாங்க மேடம்? பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு இருக்குதுங்க."

அமலி என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, எவ்வளவு போடலாம்? எங்க ஊட்டுக்காரரு வெலையப் பாக்காம நல்லதா வாங்கிக்கச் சொல்லிப்போட்டாருங்க."

கவனித்தீர்களா? காசு ஒரு தடையே இல்லை. என் ஒரு சொல் மட்டும்தான் வேண்டியிருந்தது.

"பதினாறு போதுங்க டீச்சர். அதுக்கு மேல போடறதெல்லாம் வீண்."

"மியூசிக் வேலைன்னா கொஞ்சம் கூடப் போட்டா..." என்று கடைப் பெண் ஆரம்பித்தாள்.

"பத்து வருஷமா நான் இதே வேலைதாங்க பண்றேன்" என்றேன். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டு, விலை கேட்டு வர உள்ளே போனாள்.

அமலி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பின்னாடி பத்தலீன்னா சேத்துக்கலாங்களா அண்ணா?"

"அதெல்லாம் தாராளமா சேத்துக்கலாம்."

ஏன் சொன்னேன்? திட்டம் போட்டு வரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது... இல்லை! இதுவும் பொய். வாய் தானாக எதையும் சொல்லாது. பஸ்ஸில் அவள் அந்த எட்டுக் குரல்களைப் பற்றிச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இவளுக்கு அறுபத்து நான்கு கிடைத்தால், பிறகு இந்த மலையில் என்னை யார் தேடி வருவார்கள்?

அடுத்த வாரம் என் கணினிக்கு வரவேற்பு மேசையில் இருந்தபடியே இணையத்தில் ஆர்டர் செய்தேன். அறுபத்து நான்கு என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, சரியாக விழுந்ததா என்று மூன்று முறை பார்த்தேன். சந்தேகத்தில் அல்ல, ஆனந்தத்தில்! பெட்டி வந்த நாளில் லாட்ஜில் தங்கியிருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்குக்கூட அதைத் திறந்து காட்டினேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயலின்கள், செல்லோக்கள், கொம்புகள், முரசுகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஏறியது... ஏறிக்கொண்டே இருந்தது! ஒரு விக்கல் இல்லை. நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டி, இல்லாத வாத்தியக்காரர்களை நடத்தினேன்.

"உங்களுது எத்தன ஜி.பி.ங்கண்ணா?" என்று அமலி கேட்டாள்.

"உங்களுது எவ்வளவோ அதேதான் டீச்சர். ரெண்டும் ஒண்ணுதான்."

சில மாதங்கள் இப்படியே போயின. அவள் சின்னச் சின்ன இசைத் துண்டுகளை எழுதினாள், பதினாறு தாங்கியது. என் பொய் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பட இயக்குநர் எங்கள் லாட்ஜில் வந்து தங்கினார். சென்னைக்காரர், நடுத்தர வயதுப் பெண்மணி. இந்த மலையின் காட்டெருமைகளைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் ஹெட்போனைப் பார்த்துவிட்டு விசாரித்தார். நான் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளி விட்டு வந்த அமலியும் ஏதோ கேட்க அங்கே வந்து நின்று, தானும் எழுதுவதாகச் சொன்னாள். "ரெண்டு பேருமே அஞ்சு நிமிஷம் எழுதி அனுப்புங்களேன். ஒரு மாசம் டைம். யாருது படத்தோட ஒட்டுதோ அவங்க படம் முழுக்கப் பண்ணட்டும்" என்றார். விடியற்காலையில் ஒரு காட்டெருமைக் கூட்டம் காப்பிச் செடிகளுக்கு நடுவே கடந்துபோகும் காட்சியை இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், சாலையோரத்தில், எங்கே பார்த்துக்கொண்டாலும் அதே பேச்சு. எருமையின் நடை எந்தத் தாளம்? ஆறா, ஐந்தா? அமலி தரையில் காலை வைத்து நடந்து காட்டினாள். "அஞ்சுங்கண்ணா! முன்னங்கால் ஊனி, நின்னு, அப்புறம் எடுக்குது பாருங்க!" ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரியவே இல்லை.

மூன்றாவது வாரம் அவள் முகம் வாடி வந்தாள். கையில் ஒரு பென்டிரைவ்.

"எங்க தப்புப் பண்றன்னே தெரியலீங்கண்ணா. செல்லோ வரைக்கும் ஏறுது. புள்ளைங்க கோரஸ் போட்டா பொரிஞ்சு நின்னு போயிருது. நான் எழுதுனத நானே இன்னும் முழுசாக் கேக்கல. நீங்க ஒருக்கா போட்டுப் பாத்துச் சொல்றீங்களா?"

வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போனதும் அறைக்குள் சென்று, அவளுடைய கோப்பை என் கணினியில் திறந்தேன். இருவரிடமும் ஒரே ஒலித்தொகுப்புதான். எல்லாம் வரிசையாக வந்து அமர்ந்தன.

அழுத்தினேன்.

முதலில் தகர வாளியில் காப்பிப்பழங்கள் விழுந்தன. நாகலூரில் அவளே பதிவு செய்தது. ஒன்று, இரண்டு, பிறகு ஐந்தைந்தாக. அந்த ஐந்தைச் செல்லோக்கள் மெல்ல எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கின. கனமான நடை... ஊன்றி, நின்று, எடுத்து! மேலே வயலின்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. கொம்பு வாத்தியங்கள் வந்தன. நான்காவது நிமிடத்தில் எல்லாம் ஒரு கணம் நின்று, சிறுமிகளின் குரல்கள் எட்டாகப் பிரிந்து எழுந்தன பாருங்கள்... ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! அந்தக் கூட்டம் என் அறைக்குள்ளேயே நடந்து போனது. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன்!

அந்தக் கணத்தில் ஓடியிருக்க வேண்டும். பஸ் பிடித்து நாகலூர் போய், "டீச்சர், வாங்க, கேளுங்க!" என்று அவளை இழுத்து வந்திருக்க வேண்டும். அதுகூட வேண்டாம். என் கணினியிலேயே அதை ஒரு பாட்டுக் கோப்பாக மாற்றிக் கொடுத்திருக்கலாம். நினைவகம் குறைந்தால் வாத்தியங்களைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்து பின்னால் சேர்த்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு, அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றையும் சொல்லவில்லை!

மறுநாள் மாலை அவள் பஸ்ஸுக்குப் போகும் வழியில் வந்தாள்.

"போட்டுப் பாத்தீங்களாண்ணா? ஓடுச்சுங்களா?"

"இல்ல டீச்சர். என்னுதும் நின்னு போச்சு."

"கொஞ்ச நேரமாச்சும் ஓடியிருக்குங்களே... அந்தக் கோரஸ் வர்ற எடம்? அது வந்துச்சுங்களா?"

"வரல."

"அது எப்படி இருக்கும்னு கேக்கணும்னு நொம்ப ஆசையா இருந்துச்சுங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆசிரியன் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். "மிஷின்ல தப்பில்லீங்க. நீங்க எழுதுனதுல அடைசல் ஜாஸ்தி. கோரஸே வேண்டாம். கொம்பையும் எடுத்துருங்க. தேவையில்லாதத வெட்டக் கத்துக்கணும்."

அவள் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஆனாலும் அவள் அவ்வளவு எளிதில் விடவில்லை. அந்தச் சனிக்கிழமை தனியாகச் சேலம் போய், நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தாள். நேராக லாட்ஜுக்கு வந்தாள். எல்லாம் வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"சேக்கவே முடியாதாமுங்கண்ணா. பலகையோட ஒட்டி வெச்சிருக்காங்களாம். உங்களுக்கும் யாரோ தப்பாச் சொல்லிப்போட்டாங்க பாருங்க. பாவம், நீங்களும் ஏமாந்துட்டீங்க" என்றாள்.

எனக்காக வருத்தப்பட்டாள்! அவள் கண்ணில் எனக்கான பரிதாபம் இருந்தது. "ஆமாங்க டீச்சர்" என்றேன்.

கோரஸையும் கொம்புகளையும் வயலின்களில் பாதியையும் வெட்டிவிட்டு, மிச்சத்தை அனுப்பினாள். நான் என்னுடையதை அனுப்பினேன். நூற்றுக்கு மேல் வாத்தியத் தடங்கள், இடியோசை முரசுகள், பிரம்மாண்டமான முடிவு. பத்து நாளில் இயக்குநர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்களுது வயித்தையே அதிர வைக்குது! நீங்களே பண்ணுங்க. அந்த டீச்சரோட மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ பாதியில விட்ட மாதிரி இருக்கு. ஏன்?"

ஏன் என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"இப்பத்தான் கத்துக்கறாங்க மேடம்" என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் துள்ளினேன். ஆமாம், துள்ளினேன்! உங்களிடம் மறைப்பானேன்? என் வாழ்வில் அவ்வளவு மகிழ்ச்சியான நாள் அதற்கு முன் இருந்ததில்லை. படம் வெளிவந்து திரையில் என் பெயர் வந்த நாளிலும் அப்படித்தான். அமலி தானே செய்த கேக்கை எடுத்துக்கொண்டு, கணவரோடு லாட்ஜுக்கு வந்தாள். "எங்கண்ணா பேரு எவ்வளவு பெருசா வந்துச்சு தெரியுங்களா!" என்று அவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அதன்பின் அவள் எதுவும் எழுதவில்லை. நான் ஒருமுறை கேட்டபோது, "எனக்கு சர்ச்சும் ஸ்கூலுமே சரியா இருக்குதுங்கண்ணா. அதெல்லாம் பெரிய மூளை வேணுமுங்க" என்று சிரித்தாள். அந்த மடிக்கணினியில் இப்போது மதிப்பெண் பட்டியல் தயாரிக்கிறாள்.

அவளுடைய மதத்தில் பாவத்தை அறிக்கையிட ஒரு சிறிய வலைச்சாளரம் உண்டு. அதன் முன் மண்டியிட்டுச் செய்ததைச் சொல்லிவிட்டால் மறுபக்கத்திலிருந்து பாதிரியாரின் குரல் பதில் சொல்லும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் உங்களைப் பிடித்துவைத்துச் சொல்கிறேன். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். சொன்னாலும் அது எனக்கு மன்னிப்பு ஆகாது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல் கேட்டேன். "அந்த எருமைப் பாட்டு இன்னும் வெச்சிருக்கீங்களா டீச்சர்?"

"அதுங்களா? எப்பவோ அழிச்சுட்டனுங்க. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு." நாகலூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

ஆக, உலகத்தில் அது இருப்பது என் கணினியில் மட்டும். அதை முழுதாகக் கேட்டவனும் நான் ஒருவன்தான். திருப்பிக் கொடுக்கலாம்... அப்படியே கொடுத்தால் அவள் கணினியில் ஓடாது; பாட்டுக் கோப்பாக மாற்றிக் கொடுத்தால், இது மட்டும் எப்படி ஓடியது என்று கேட்பாள். இங்கே அழைத்து வந்து கேட்கவைக்கலாம். அழைத்து வந்தால் என் கணினியைப் பார்ப்பாள். அப்புறம்? அப்புறத்தை யோசிக்கும் துணிவு எனக்கு இல்லை. இது கோழைத்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிவதால் ஒன்றும் குறைவதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் சர்ச்சில் வாசித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு மணி நேரத்தில்தான், வாராவாரம், நான் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கோப்பைத் திறக்கிறேன். குற்ற உணர்ச்சியோடு திறக்கிறேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை! காலையில் கண் விழித்ததிலிருந்தே என் கைகள் பரபரக்கின்றன. இதோ, எல்லாம் ஏறிவிட்டது. வாளியில் பழங்கள் விழுகின்றன. செல்லோக்கள் நடக்கின்றன. ஊன்றி, நின்று, எடுத்து... கொம்புகள்... எல்லாம் நின்றுவிட்டது. இதோ வரப்போகிறது... வந்துவிட்டது! எட்டுக் குரல்கள்!

ஒலியைக் குறைத்துவிட்டேன். சர்ச்சில் பூசை முடியும் நேரம். பஸ் ஸ்டாண்டுக்கு அவள் இந்த ஜன்னலைக் கடந்துதான் போவாள்.